ஆச்சியின் வலது தோளும் மேல் தாழ்ப்பாளும்

ஆச்சி உள்ளே வந்ததும் கும்பிட்டார்கள். பிசியோதெரபிஸ்டான எனக்கு அதில்தான் முதல் துப்பு கிடைத்தது. இரண்டு உள்ளங்கையும் சேர்ந்த மாதிரி இருந்தாலும், விரல்களுக்கு நடுவே ஒரு பென்சில் நுழைகிற அளவு இடைவெளி. விரல்கள் லேசாக வளைந்தே நின்றன. இன்னொன்றும் இருந்தது. இடது கைதான் மேலே வந்து வலது கையைத் தேடிப் போனது. வலது கை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முழங்கைக்குக் கீழே மட்டும்தான் அசைந்தது.

வயது 56. கானாடுகாத்தான் பக்கம் ஊர். கல்யாணச் சீர், வெளிநாட்டுப் பார்சல், தீபாவளி என்று வருஷம் முழுக்கப் பலகாரம் போட்டுக் கொடுப்பவர்கள். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை, கை முறுக்கு. வலக்கைக்காரர். சர்க்கரை வந்து 11 வருஷம். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கையில் ஒரு பெரிய மஞ்சள் பை. உள்ளே கழுத்து எக்ஸ்ரே இரண்டு, கழுத்துப் பட்டை ஒன்று, அரை பாட்டில் தைலம், நாலு விதமான வலி மாத்திரை அட்டைகள். தோள்பட்டை எக்ஸ்ரே ஒன்றுகூட இல்லை. அதுதான் இரண்டாவது துப்பு.

கதை இப்படிப் போயிருக்கிறது. மாசி மாதம் வலது மேற்கையின் வெளிப்பக்கம், சட்டைக் கையில் கட்சிக்காரர்கள் பேட்ஜ் குத்துகிற இடத்தில், ஒரு குத்தல். கீழே விழவில்லை, எதையும் தூக்கவில்லை. மாவு பிசைந்த அலுப்பு என்று விட்டுவிட்டார்கள். பங்குனியில் ராத்திரித் தூக்கம் போனது. வலது பக்கம் புரண்டால் உயிர் போகிறது என்றார்கள். சித்திரையில் ஓர் இடத்தில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து, "சி5, சி6 எலும்பு தேய்ந்திருக்கிறது, கழுத்து நரம்பு அழுந்துது" என்று சொல்லிப் பட்டை மாட்டிவிட்டார்கள். 15 நாள் கழுத்தை இழுத்தார்கள். வேறோர் இடத்தில் இன்னும் 10 நாள். ஆனியில் யாரோ சொன்னார்கள் என்று ஒருவரிடம் எண்ணெய் தேய்க்கப் போய், அவர் "ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறேன்" என்று கையை மேலே தூக்கி இழுத்திருக்கிறார்.

"அன்னிக்கு ராத்திரி நான் கத்துனதுல எதுத்த வீட்ல விளக்குப் போட்டாக தம்பி" என்றார்கள்.

என்னிடம் வந்தது ஆடியில். கல்யாணம் இல்லாத மாதம், ஆர்டர் குறைவு என்பதால்தான் வந்ததே. வலி ஆரம்பித்து ஐந்து மாதம் ஓடியிருந்தது.

கழுத்தா, தோளா

கழுத்து எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. தேய்மானம் இருந்தது. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர் கழுத்தில் தேய்மானம் தெரியாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். வலியே இல்லாதவர்கள் கழுத்திலும் அது தெரியும். படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பேன். பிறகு சூடு பட்டுக் கற்றுக்கொண்டதுதான் இது.

எனவே கழுத்திலிருந்தே தொடங்கினேன். இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னேன். நன்றாகவே திரும்பியது, கையில் வலி இறங்கவில்லை. தலையை வலது பக்கம் சாய்த்து மேலிருந்து மெதுவாக அழுத்தியபோதும் ஒன்றும் இல்லை. கழுத்து நரம்பு நசுங்கியிருந்தால் இந்த அழுத்தத்தில் கைக்குள் மின்சாரம் ஓடிய மாதிரி இருக்கும். விரல்களில் மரப்பு இல்லை. முழங்கையில் சுத்தியால் தட்டினால் இரண்டு கையும் ஒரே மாதிரி துள்ளின. பிடி பலம் சரி.

அப்புறம் கையைத் தூக்கச் சொன்னேன். முன்பக்கமாக 92 டிகிரி வரைக்கும் வந்தது. பக்கவாட்டில் 64. அதற்கும் தோள் காதை நோக்கி ஏறியது. "யாருக்குத் தெரியும்" என்று நாம் தோளைக் குலுக்குவோமே, அப்படி. சாதாரணமாகக் கையை 180 டிகிரி தூக்கினால் அதில் ஏறத்தாழ 120 டிகிரி தோள் மூட்டிலிருந்து வரும், மீதி 60 டிகிரி முதுகிலுள்ள தோள் எலும்பு சுழல்வதால் வரும். மூட்டு பூட்டிக்கொண்டால் தோள் எலும்பு மொத்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும். கழுத்துத் தசை கல்லாகப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். ஆச்சிக்குக் கழுத்து வலித்தது உண்மை, ஆனால் அது தோளின் கடனைக் கட்டிக்கொண்டிருந்தது.

இதுவரை யாரும் செய்யாத ஒன்றை அடுத்துச் செய்தேன். படுக்க வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையைப் பிடித்து வெளிப்பக்கமாக நானே திருப்பினேன். கதவு திறக்கிற மாதிரி. இடது கை 58 டிகிரி திரும்பியது. வலது கை 5 டிகிரி. அங்கே தசை தடுக்கவில்லை. வலிக்குப் பயந்து பிடித்துக்கொண்டால் கை நடுங்கும், தளர்த்தச் சொன்னால் கொஞ்சம் விடும். இது அப்படியில்லை. பழைய தோல் பெல்ட்டை இழுத்த மாதிரி ஓர் இடத்தில் போய் நின்றுவிட்டது.

தோள்பட்டை என்று வருகிற யாரிடமும் நான் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். தசைநார் கிழிந்தவருக்குத் தானாகக் கை தூக்க வராது, நாம் தூக்கினால் பெரும்பாலும் வரும். உறைந்த தோளில், அதாவது மூட்டைச் சுற்றிய பை சுருங்கி இறுகும் நோயில், அவர் தூக்கினாலும் வராது, நாம் தூக்கினாலும் வராது. ஆச்சிக்கு இருந்தது இதுதான். அதிலும் வெளிப்பக்கத் திருப்பம்தான் முதலில் பறிபோகும், பிறகு பக்கவாட்டுத் தூக்கல், அப்புறம் முதுகுக்குப் பின்னால் போகும் அசைவு. தோளின் முன்பக்கம் மேலே கொரகோஹியூமரல் என்றொரு நார்ப் பட்டை உண்டு. இந்த நோயில் அது தடித்துச் சுருங்குகிறது. கை வெளியே திரும்ப வேண்டுமானால் அந்தப் பட்டை நீள வேண்டும், நீளாது. ஒரு நிமிஷச் சோதனை. ஐந்து மாதத்தில் யாருக்கும் அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

வெளிப்பக்கத் திருப்பம் போக வேறு காரணங்களும் உண்டு. மூட்டுத் தேய்மானம், பின்பக்கமாக மூட்டு நழுவி மாட்டிக்கொள்வது, அபூர்வமாகக் கட்டி. இவை எல்லாவற்றுக்கும் ஒரு சாதா தோள் எக்ஸ்ரே முதலில் தேவை. எடுத்துவரச் சொன்னேன், சுத்தமாக இருந்தது. காய்ச்சல், எடைக் குறைவு, மார்பில் கட்டி, பித்தப்பைக் கல், நடந்தால் நெஞ்சில் பாரம் என்று கேட்க வேண்டியவற்றையும் கேட்டேன். வலது தோள் வலிக்குப் பித்தப்பையும், இடது தோள் வலிக்கு இதயமும் காரணமாக இருந்ததை எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்போம். ஆச்சிக்கு அவை எதுவும் இல்லை.

முதல் நாள் கணக்கு: முன்பக்கம் 92, நான் தூக்கினால் 98. பக்கவாட்டில் 64, நான் தூக்கினால் 68. வெளித்திருப்பம் 5. முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் இடுப்பு எலும்பின் ஓரத்தோடு நின்றது. இடது கட்டைவிரல் தோள் எலும்பின் கீழ் முனை வரைக்கும் போனது. ராத்திரி வலி 10க்கு 8. தோள் வலிக்கும் இயலாமைக்கும் 13 கேள்வி கொண்ட ஸ்பாடி என்ற அளவுகோல் இருக்கிறது, 100 என்றால் படுமோசம். ஆச்சிக்கு 78.

இந்த எண்ணெல்லாம் எனக்கு. ஆச்சிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கொண்டை போட வேண்டும், ரவிக்கையை யாரும் உதவாமல் போட வேண்டும் என்பார்கள் என்று நினைத்தேன். "முகப்புக் கதவு மேல் தாழ்ப்பாளை நானே போடணும் தம்பி" என்றார்கள். அவர்கள் வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம். பகலில் பலகாரம் போட மருமகளும் வேலையாட்களும் இருப்பார்கள். மருமகள் இருப்பது அடுத்த தெருவில். ராத்திரி அந்தப் பெரிய வீட்டில் ஆச்சி மட்டும். வைகாசியிலிருந்து கீழ்த் தாழ்ப்பாள் மட்டும் போட்டுக்கொண்டு படுக்கிறார்களாம். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு மேலே போடச் சொல்ல வெட்கம்.

பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போனபோது டேப்பை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து தாழ்ப்பாள் 6 அடி 1 அங்குலம். ஆச்சியின் உயரம் 4 அடி 11 அங்குலம். கையை 150 டிகிரி தூக்கி, குதிகாலையும் கொஞ்சம் உயர்த்தினால் எட்டும். என் இலக்கு அதுதான்.

பாகு முற்றிய கதை

கும்பிடும்போது தெரிந்த அந்த இடைவெளிக்கு வருகிறேன். நாள்பட்ட சர்க்கரையில் விரல் மூட்டுகளைச் சுற்றியுள்ள தோலும் நார்களும் இறுகி, உள்ளங்கைகள் முழுதாக ஒட்ட முடியாமல் போகும். கும்பிடு அடையாளம் என்றே இதைச் சொல்கிறார்கள். இப்படிக் கை இருப்பவருக்குத் தோளும் உறைவது அடிக்கடி நடக்கிறது. பொதுவாக இந்த நோய் 40க்கும் 60க்கும் நடுவே, பெண்களுக்குச் சற்று அதிகமாக வரும். சர்க்கரைக்காரர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பு. தைராய்டு கோளாறிலும் பார்க்கிறோம்.

ஏன் என்று ஆச்சி கேட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால் அது நார்களில் ஒட்டும். ஒட்டி ஒட்டி, ஒரு நாரை இன்னொரு நாரோடு பிணைத்துவிடும். வளைய வேண்டிய இடம் விறைத்துப்போகும். இதை நான் பாடப் புத்தக பாணியில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆச்சி குறுக்கிட்டார்கள். "பாகு முத்திப்போச்சுங்கறீக."

அதற்குமேல் விளக்க ஒன்றும் இல்லை. அதிரசத்துக்குப் பாகு பதம் தப்பினால் மாவு எப்படி ஆகும் என்று என்னைவிட அவர்களுக்குத் தெரியும். இப்போது வேறு நோயாளிகளிடம் நானும் அதையே சொல்கிறேன்.

மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. சாதாரணமாக 15 மில்லிக்கு மேல் திரவம் கொள்ளும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். உறைந்த தோளில் அந்தப் பை வீங்கிச் சிவந்து, தடித்து, சுருங்கி, 10 மில்லிகூடக் கொள்ளாத நிலைக்கு வந்துவிடும். 1934ல் அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் இதற்கு உறைந்த தோள் என்று பெயர் வைத்தார். முதலில் வலி கூடும் காலம், அடுத்து இறுகிக் கிடக்கும் காலம், கடைசியில் இளகும் காலம் என்று மூன்று கட்டம் சொல்வார்கள். கட்டத்துக்குக் கட்டம் வைத்தியம் மாறும். ஆச்சி வந்தபோது முதல் கட்டத்தின் முடிவில் இருந்தார்கள். நெருப்பு இன்னும் அணையவில்லை.

மூன்று மாத சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி பரிசோதனை 9.4 என்று வந்தது. சர்க்கரை டாக்டரைப் பார்க்காமல் இரண்டு வருஷமாகப் பழைய சீட்டை வைத்தே மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். முதல் வேலையாக அங்கே அனுப்பினேன்.

நான் செய்த தப்பு

முதல் வாரம் ஒழுங்காகத்தான் நடந்தது. குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி மாதிரித் தொங்கவிட்டு ஆட்டுவது. வலி தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, ஐந்து எண்ணி, விடுவது. ராத்திரி முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை, மல்லாந்து படுக்கை. மூட்டை லேசாக அசைத்துக் கொடுப்பது. ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் மெய்ட்லண்ட் இந்த அசைப்பை நாலு படியாகப் பிரித்தார், அதில் மென்மையான முதல் இரண்டு படி மட்டும்.

"கரண்டு வைக்கலையா தம்பி?" என்று இரண்டாம் நாளே கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பிசியோதெரபி என்றால் கரண்டு வைப்பதுதான். மிஷின் இல்லாவிட்டால் காசு கொடுக்க மனசு வராது. ஒத்தடம் கொடுத்துவிட்டுச் சமாளித்தேன். இந்தச் சுருங்கிய பையை எந்த மிஷினும் இளக்கியதை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் வாரம் வலி கொஞ்சம் குறைந்தது. எனக்குக் கை அரித்தது. நாலாம் படி வரை போய், இறுகிய எல்லையில் வைத்து அழுத்தினேன். ஆச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல தம்பி, தாங்கிக்கிறேன்" என்றார்கள். வீட்டில் ஊஞ்சல் வளையம் இருக்கிறதே, அதில் ஒரு சின்னக் கப்பியை மாட்டிக் கயிறு போட்டு, இடது கையால் வலது கையை இழுத்துப் பழகுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். எத்தனை தடவை என்று சொல்ல மறந்துவிட்டேன். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்திலேயே நூறு பேருக்குப் பலகாரம் போட்ட மனுஷி. ஒரு நாளைக்கு இருநூறு தடவை இழுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் முகம் வெளிறி வந்தார்கள். இரண்டு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. வலி 9. வெளித்திருப்பம் 5லிருந்து பூஜ்யம். எண்ணெய் தேய்த்தவரைக் குறை சொன்ன நான், அதையே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறேன்.

தெரியாமல் செய்ததுமில்லை. நெதர்லாந்தில் நடந்து 2004ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. 77 பேர். ஒரு பகுதியினருக்கு வலி எல்லையைத் தாண்டி அழுத்திக் கடும் பயிற்சி. மற்றவர்களுக்கு வலிக்காத அளவுக்குள் அசைவு, அன்றாட வேலை, விளக்கம், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் கடும் பயிற்சியில் 63 சதவீதம், மென்மையாக விட்டதில் 89 சதவீதம். இதைப் படித்து, மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நோயாளி "தாங்கிக்கிறேன்" என்றதும் என் கை கேட்கவில்லை.

"தாங்கிக்கிறேன்" என்று சொல்பவர்களிடம்தான் அதிகம் ஜாக்கிரதை வேண்டும். கத்துகிறவர்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்வார்கள். அதிலிருந்து ஆச்சிக்கு ஒரு சட்டம் போட்டோம்: பயிற்சிக்கு அப்புறம் வலி அரை மணிக்குள் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அது அதிகம். அடுத்த நாள் பாதி. கப்பியைக் கழற்றி வைத்தோம்.

ஊசி

ஊசி பற்றிய பேச்சு அப்போதுதான் வந்தது. நெருப்பு எரியும்போது பையை இழுக்க முடியாது, முதலில் அதை அணைக்க வேண்டும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி இந்தக் கட்டத்தில் நன்றாக வேலை செய்கிறது. கனடாவில் 93 பேரிடம் நடந்து 2003ல் வந்த ஆய்வில் ஊசியும் பிசியோதெரபியும் சேர்ந்து போனவர்கள்தான் வேகமாகத் தேறினார்கள். ஊசி இல்லாமல் பிசியோதெரபி மட்டும் என்றால் பெரிய வித்தியாசம் இல்லை. என் தொழிலுக்குப் பெருமை சேர்க்கிற செய்தி இல்லை, ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

ஆச்சிக்கு ஊசி என்றால் பயம். "ஸ்டீராய்டு போட்டா எலும்பு கரைஞ்சுருமாமே" என்றார்கள். ஒரே ஒரு ஊசி, அதுவும் மூட்டுக்குள் மட்டும் என்று எலும்பு டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். நிஜமாகக் கவலைப்பட வேண்டியது எலும்பைப் பற்றி இல்லை, சர்க்கரையைப் பற்றித்தான். இந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை எகிறும். அதனால் சர்க்கரை டாக்டர் மருந்தைச் சரிசெய்து ஓரளவு கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு, ஆவணி நடுவில் போட்டார்கள். இரண்டாம் நாள் 340 வரை போனது. வீட்டிலேயே குத்திப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்ததால் யாரும் பதறவில்லை. ஒரு வாரத்தில் இறங்கியது.

பத்தாம் நாள் ஆச்சி வந்து சொன்ன முதல் வார்த்தை: "வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன்."

இந்த நேரத்தில் சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில் வந்தார். "இவ்வளவு நாள் ஏன், ஆபரேஷன் பண்ணிடலாமே, செலவைப் பத்தி யோசிக்காதீங்க." நியாயமான கேள்விதான். பிரிட்டனில் 503 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மயக்கம் கொடுத்துக் கையை வளைத்து, ஒரு பிரிவுக்குத் துளை வழியாகப் பையை அறுத்துவிட்டு, ஒரு பிரிவுக்கு ஊசியோடு முறையான பிசியோதெரபி கொடுத்துப் பார்த்து 2020ல் வெளியிட்டார்கள். ஒரு வருஷ முடிவில் நோயாளிக்குத் தெரிகிற அளவு பெரிய வித்தியாசம் எதிலும் இல்லை. மயக்கமும் கத்தியும் கடைசிக் கதவாக இருக்கட்டும் என்றேன். அவர் ஒத்துக்கொண்டார், ஆனாலும் மாசம் ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருந்தார்.

பின்பக்கம் தள்ளு

வலி 2க்கு வந்த பிறகு உண்மையான இழுப்பு வேலை ஆரம்பித்தது. இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், தொழில்காரர்களுக்கு உபயோகமாக இருக்கும். கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: உருண்டை எலும்பு குழியில் உருளும்போது எதிர்ப்பக்கம் வழுக்கும், ஆகவே வெளித்திருப்பம் வேண்டுமானால் மேற்கை எலும்பின் தலையை முன்பக்கம் தள்ளு. தேர்வில் வேறு மாதிரி எழுதினால் முட்டை. ஆனால் 2007ல் 20 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது. முன்பக்கம் தள்ளியவர்களுக்கு வெளித்திருப்பம் 3 டிகிரி கூடியது. பின்பக்கம் தள்ளியவர்களுக்கு 31. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அன்றிலிருந்து நான் பின்பக்கமே தள்ளுகிறேன். முன்பக்கப் பை சுருங்கியிருக்கும்போது எலும்புத் தலை ஏற்கனவே முன்னால் முட்டிக்கொண்டுதானே நிற்கிறது, இன்னும் அதே திசையில் தள்ளி என்ன பயன் என்பது என் யூகம்.

ஆச்சியை மல்லாக்கப் படுக்க வைத்து, தோள் எலும்புக்கு அடியில் மடித்த துண்டு வைத்து, கை எந்த அளவு திரும்புமோ அந்த எல்லையில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து தரையை நோக்கி மெதுவாகத் தள்ளி ஒரு நிமிஷம் வைத்திருப்பேன். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. வாரம் இரண்டு நாள். மற்ற நாள் வீட்டில்: ஒட்டடைக் கம்பை ஒடித்துச் செய்த மூன்றடிக் குச்சியை இரண்டு கையிலும் பிடித்து, இடது கையால் வலது கையை வெளிப்பக்கம் தள்ளுவது. சமையலறைச் சுவரில் விரலால் ஏறுவது, ஏறிய இடத்தில் கரியால் கோடு. நாலு நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. கூட வேண்டாம் என்று இந்தத் தடவை எழுதியே கொடுத்தேன்.

ஐப்பசி நெருங்கியதும் நான் பயந்தது நடந்தது. தீபாவளி ஆர்டர். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அது அவர்கள் சோறு. அதனால் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். இரண்டாங்கட்டில் விறகடுப்பு, பெரிய எண்ணெய்ச் சட்டி. ஆச்சி மணையில் உட்கார்ந்து, தேன்குழல் அச்சை மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்து, கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலே வைத்து அழுத்திச் சுற்றுகிறார்கள். எண்ணெய் தெறிக்கும் என்பதால் முழங்கை விரிந்து, தோள் காதை ஒட்டி நிற்கிறது. ஒரு சுற்றுக்கு ஏழெட்டு நொடி. அப்படி ஒரு காலையில் எத்தனை நூறு. மாசி மாத அலுப்பு தோளை உறைய வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குச் சர்க்கரையே போதும். ஆனால் உறைந்த தோளை இதைவிட நன்றாகத் துன்புறுத்த ஒரு வேலையைக் கண்டுபிடிக்க முடியாது.

மணைக்குப் பதில் முக்காலி. உயரம் கூடியதும் கை தாழ்ந்தது. எண்ணெய்க்கு மேலே பிழியாமல் ஜல்லிக்கரண்டியின் முதுகில் பிழிந்து, அதைச் சட்டிக்குள் கவிழ்ப்பது. பல வீடுகளில் செய்வதுதான், ஆச்சிக்கு மட்டும் அது "கத்துக்குட்டி வேலை". இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார்கள். மனகோலமும் தேன்குழலும் மருமகள் கைக்குப் போயின. கை முறுக்கும் சீப்புச் சீடையும் ஆச்சியிடமே இருந்தன, அவை விரல் வேலை. சீப்பின் மேல் மாவை வைத்துத் தேய்த்து விரலில் சுருட்டும்போது தோள் அசையவே வேண்டாம். அந்தத் தீபாவளிக்கு ஆச்சி ஒரு நாள்கூட வலி மாத்திரை போடவில்லை. மருமகளின் தேன்குழல் நன்றாக இருந்தது என்று பலர் சொன்னார்களாம், அது வேறு வலி.

கணக்கு ஏறிய விதம்

ஊசி போட்ட ஆறாம் வாரம் முன்பக்கம் 118, வெளித்திருப்பம் 18. பிறகு இரண்டு மாதம் மெதுவாக ஊர்ந்தது. கார்த்திகையில் மூன்று வாரம் ஒரு டிகிரிகூட ஏறவில்லை. சுவரில் கரிக்கோடு அதே இடத்தில் நின்றது. இந்த நோயில் இப்படி நிற்பது உண்டு, நான் பதறவில்லை, ஆச்சி பதறினார்கள். ஹெச்.பி.ஏ.1.சி 7.6க்கு இறங்கியிருந்ததைக் காட்டி, "பாகு இளகுது ஆச்சி" என்றேன்.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் நூலிழை சேர்த்து, திரியாக்கி மாவில் வைத்துச் சுடரோடு எடுத்துக்கொள்ளும் நகரத்தார் நோன்பு. வீட்டில் மூத்தவர்தான் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். எரியும் திரியோடு கையை நீட்டி, நடுங்காமல், உயரமான பேரன் கை வரைக்கும் கொண்டுபோக வேண்டும். மறுநாள் வந்து, "எல்லாருக்கும் வலக்கையாலயே குடுத்தேன்" என்றார்கள். அன்றைக்கு அளந்தபோது முன்பக்கம் 132.

தாழ்ப்பாள் பங்குனியில் விழுந்தது. தகவல் மருமகள் மூலம்தான் வந்தது. காலையில் வேலைக்கு வந்தவருக்கு உள்ளே போக முடியவில்லை. கீழ்த் தாழ்ப்பாள் மட்டும் என்றால் சாளரத்தில் கையை விட்டு நீக்கிவிடுவாராம். அன்றைக்கு மேலேயும் பூட்டியிருந்தது. ஆச்சி உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் மாதக் கடைசி அளவு: முன்பக்கம் 150, பக்கவாட்டு 140, வெளித்திருப்பம் 46, கட்டைவிரல் இடுப்புக்கு மேலே முதுகெலும்பு வரை. ஸ்பாடி 12. முழுதாகத் திரும்பவில்லை. ரவிக்கையின் பின்பக்கத்தை இழுத்துவிடும்போது இன்னும் பிடிக்கிறது. "தானாகவே ஒண்ணரை வருஷத்துல சரியாயிடும், ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று பல இடத்தில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1992ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சராசரியாக ஏழு வருஷம் கழித்தும் 62 பேரில் பாதிப்பேருக்கு லேசான வலியோ இறுக்கமோ மிச்சமிருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு மிச்சம் கூடுதல். ஆச்சியிடமும் இதை மறைக்கவில்லை. இன்னொன்றும் சொன்னேன்: இடது தோளும் ஒருநாள் இதே வழியில் போகலாம். மாசத்துக்கு ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, முன்கைகளைக் கதவு மாதிரி வெளியே திறந்து பாருங்கள்.

அடுத்த ஆவணியில் ஆச்சி வந்தார்கள். மஞ்சள் பை இல்லை. கும்பிட்டார்கள், இடைவெளி கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குப் பட்டது. உட்காரும் முன்பே இரண்டு முழங்கையையும் விலாவில் ஒட்டி, கதவைத் திறந்து காட்டினார்கள். இடது பக்கம் பாதியில் நின்றது.

"பத்து நாளாத்தான் தம்பி."

அளந்தேன். 41. ராத்திரி வலி 3. கழுத்துப் பட்டை யாரும் மாட்டவில்லை.